இளையோர் கையில் ‘விஷ்ணுபுரம்’ தரலாமா?

வளரும் பிள்ளைகளின் கையில் எந்த நூலைக் கொடுக்கலாம், எதைக் கொடுக்கலாகாது என்னும் வினா நம் இல்லங்களில் அடிக்கடி எழுவது. நீதிநூல்களைக் கொடுப்பதில் எவருக்கும் தயக்கம் இல்லை. பொழுதுபோக்குக் கதைகளைப் பற்றியும் பெரிய கவலை கிடையாது. இரண்டு நாளில் மறந்துவிடும். இடர்ப்பாடெல்லாம் வேறொரு வகை நூலைப் பற்றியதே. உயர்ந்த வினாக்களை எழுப்பி, விடையை முடிவாகச் சொல்லாமல், படிப்பவர் இதுகாறும் நம்பி வந்தவற்றை அசைத்துப் பார்க்கும் நூல் அது. கற்றறிந்தோரே அதனைப் பற்றி இரு கட்சியாகப் பிரிந்து நிற்பர். அத்தகைய நூலைப் பதினெட்டு வயதுப் பிள்ளைக்குப் பரிந்துரைப்பது அறமா? இவ்வினாவில் நான் ஒருமுறை தவறியவன். ஆகவே அத்தவற்றைச் சொல்லித் தொடங்குவதே முறை.

ஏழாயிரம்பண்ணையில் நிகழ்ந்தது

எனது சொந்த ஊர் வந்தவாசிப் பக்கம். தமிழாசிரியர் பணியின் பொருட்டுத் தெற்கே வந்து, சாத்தூருக்கு அப்பால் உள்ள ஏழாயிரம்பண்ணையில் தங்கி, ஓய்வுபெற்ற பின்னும் இங்கேயே இருந்துவிட்டேன். ஒரு காலத்தில் பாளையமாக விளங்கிய ஊர் இது. கரிசல் மண், வானம் பார்த்த வேளாண்மை. மழை கைவிட்ட ஆண்டுகளில் மக்களுக்குச் சோறிட்டவை தீப்பெட்டியும் பட்டாசுமே ஆகும்.

2003ஆம் ஆண்டில் என்னிடம் படித்த மாணவன் ஒருவன், மேல்நிலைத் தேர்வு முடிந்ததும் என் வீட்டுக்கு வந்து, “ஐயா, நல்ல பெரிய புத்தகமா ஒண்ணு குடுங்க” என்று கேட்டான். கூர்த்த மதியினன். அவன் தாயார் பட்டாசு ஆலையில் வேலை செய்பவர். நான் சற்றும் எண்ணிப் பாராமல், அலமாரியிலிருந்து ஜெயமோகன் எழுதிய ‘விஷ்ணுபுரம்’ என்னும் நாவலை எடுத்துக் கொடுத்தேன். “படித்துப் பார்” என்றதைத் தவிர வேறொரு சொல்லும் சொல்லவில்லை. கொடுத்ததோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன்.

மூன்று மாதங் கழித்து அவன் தந்தையார் வந்தார். நின்றபடியே பேசினார்: “வாத்தியாரய்யா, நீங்க குடுத்த புஸ்தகத்தைப் படிச்சதுலேர்ந்து பய ராத்திரி தூங்கமாட்டேங்கான். கோயில் கொடைக்கு வரமாட்டேங்கான். சாமியே பொய்யிங்கான். ஒங்க வீட்டுப் பிள்ளைக்கு இதைக் குடுத்திருப்பீகளா?”

அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் விடையில்லை. உண்மையில் என் மகனுக்கு நான் அதைக் கொடுத்திருக்கவில்லை.

நூலின் இயல்பு

‘விஷ்ணுபுரம்’ 1997ஆம் ஆண்டு வெளிவந்தது. எண்ணூறு பக்கங்களை ஒட்டிய பெருநூல். ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி என்னும் மூன்று பகுதிகளை உடையது. சோனா என்னும் ஆற்றங்கரையில் ஒரு கற்பனைக் கோயில் நகரம். அதன் நடுவே பேருருவாகப் பள்ளி கொண்ட திருமாலின் சிலை. முதற் பகுதியில் திருவிழாக் கோலம் கொண்ட அந்நகரமும், அதனுள் அடங்கிய அதிகாரமும், வறுமையும், காமமும், கவிஞனின் தவிப்பும், இளம் மாணாக்கனின் ஐயமும் காட்டப்படுகின்றன. இரண்டாம் பகுதி காலத்தால் முற்பட்டது. அஜிதன் என்னும் பௌத்தத் துறவி அந்நகரின் வாதசபைக்கு வந்து, வைதிக அறிஞரான பவதத்தரை எதிர்கொண்டு வாதில் வெல்கிறான். ஆயினும் வென்ற தரிசனமும் அதிகாரத்தில் அமர்ந்தவுடன் பழைய நோய்க்கே ஆளாகிறது. மூன்றாம் பகுதியில் நகரமே வெள்ளத்தில் அழிகிறது.

இந்நூலைப் பற்றி எழுந்த கருத்து மாறுபாடு சிறிதன்று. முற்போக்குத் தரப்பினர் பலர் இதனை இந்துத்துவச் சார்புடைய நூல் என்று கண்டித்தனர். வேறு சிலரோ, கோயிலையும் குருமாரையும் இவ்வளவு இரக்கமின்றிக் காட்டிய நூல் வேறில்லை என்றனர். திருமாலாக வணங்கப்படும் சிலை, மலைக்குடிகளுக்கு அவர்தம் மூதாதையான பெருமூப்பனே என்று இந்நாவல் சொல்லும் இடம் ஒன்றே அவர்கள் கலங்குவதற்குப் போதுமானது. ஒரே நூலை ஒரு சாரார் சமயவாதம் என்றும், மற்றொரு சாரார் சமயநிந்தை என்றும் சொல்வார்களானால், அந்நூலில் ஒரு பக்கச் சார்புக்கு மேற்பட்ட ஏதோ ஒன்று இருத்தல் வேண்டும். நான் படித்தவரையில் அது இதுவே: எந்தத் தரிசனமும் பிறக்கும்போது தூயதாய் இருந்து, நிறுவனம் ஆகும்போது மாசடைகிறது என்னும் துயரம். இதில் வைதிகத்துக்கும் விலக்கில்லை, பௌத்தத்துக்கும் விலக்கில்லை. நம்மையும் விலக்கிக்கொள்ள நியாயமில்லை.

இவ்வாசிரியரே பின்னாளில் சமணத் தலங்கள் வழியாக வடநாடு வரை பயணம் செய்து ‘அருகர்களின் பாதை’ என்னும் நூலை எழுதினார் என்பதை நம் அன்பர்கள் பலர் அறிவர். ஆனால் அக்காரணம் பற்றி இந்நாவலை நான் பரிந்துரைக்கவில்லை. நம்மைப் பாராட்டியவர் நூலைப் படிப்பதும், பாராட்டாதவர் நூலை ஒதுக்குவதும் நூலறிவு ஆகாது.

நம் முன்னோர் கண்ட வழி

மாறுபட்ட கொள்கைகளைக் கதைக்குள் வைத்து வாதிடச் செய்வது தமிழுக்குப் புதிதன்று. நமது ‘நீலகேசி’ அவ்வாறு அமைந்த காப்பியமே. உயிர்ப்பலியைத் தடுத்த முனிச்சந்திரரை அச்சுறுத்தவும் மயக்கவும் வந்த பேய்மகள், அவருடைய உறுதி கண்டு அவருக்கே மாணாக்கியாகி, பின்னர் பௌத்தர், ஆசீவகர், சாங்கியர், வைசேடிகர், வேதவாதியர், பூதவாதியர் எனப் பலரிடமும் சென்று வாதிடுகிறாள். அஞ்சத்தக்க ஐயங்களை எல்லாம் ஒரு பெண்ணின் வாயிலும் அவள் எதிரிகளின் வாயிலும் வைத்துப் பாடத் துணிந்தவர் நம் முன்னோர்.

இங்கே ஒரு செய்தி நம் கருத்துக்குரியது. நீலகேசி மறுக்க வந்த பௌத்தக் காப்பியமாகிய ‘குண்டலகேசி’ இன்று முழுமையாகக் கிடைக்கவில்லை. எஞ்சியவை நீலகேசியின் உரையிலும், புறத்திரட்டு முதலிய தொகைநூல்களிலும் உள்ள சில பாடல்களும் பாடற் பகுதிகளுமே. சமய திவாகர வாமன முனிவர் மறுப்பதற்காக எடுத்துக் காட்டியதனால், மறுக்கப்பட்ட நூலின் குரல் சிறிதேனும் நிலைத்தது. எதிரியின் சொல்லை முழுமையாகக் கேட்ட பின்பே மறுக்க வேண்டும் என்னும் ஒழுக்கம் நம் உரையாசிரியர்களிடம் இருந்தது. 1936ஆம் ஆண்டு பேராசிரியர் அ. சக்கரவர்த்தி நயினார் நீலகேசியை உரையுடன் பதிப்பித்த பின்னரே பலரும் இதனை அறிந்தனர்.

‘சீவக சிந்தாமணி’யின் வரலாறு இன்னும் நெருக்கமானது. எண்மரை மணந்த ஒருவனின் இன்பக் கதையைத் துறவி ஒருவர் பாடலாமா என்று திருத்தக்கதேவர் காலத்திலேயே ஐயுற்றனர் என்பது செவிவழிச் செய்தி. பாட விரும்பிய மாணாக்கரை அவருடைய ஆசிரியர் தடுக்கவுமில்லை. உடனே ‘பாடு’ என்று விட்டுவிடவுமில்லை. முதலில் ஓடும் நரி ஒன்றைக் காட்டி அதனைப் பாடச் செய்து, ‘நரிவிருத்தம்’ என்னும் சிறுநூலின் வழியே அவருடைய உள்ளத்தை அறிந்த பின்பே பெருங்காப்பியத்துக்கு இசைவு தந்தார் என்பர். பிற்காலத்தே சோழ மன்னன் இக்காப்பியத்தில் ஈடுபட்டது கண்டு வருந்தியே சேக்கிழார் பெரியபுராணம் பாடினார் என்று சைவ மரபு கூறும். ஆக, நாம் போற்றும் சிந்தாமணியும் ஒரு காலத்தில் ஒரு சாரார் இளையோருக்கு ஆகாது என்று கருதிய நூலே ஆகும்.

அந்நூலை 1887ஆம் ஆண்டு அச்சில் தந்தவர் சைவ மடத்தில் பயின்ற உ.வே. சாமிநாதையர். 1880ஆம் ஆண்டு கும்பகோணத்தில் சேலம் இராமசுவாமி முதலியார் தூண்ட, அவர் சிந்தாமணியைக் கையில் எடுத்தார். எத்துணைப் புலமை இருந்தும் நூல் தனியே அவருக்கு வழிவிடவில்லை. கும்பகோணத்துச் சமணர் இல்லங்களுக்குச் சென்று கேட்டுக் கேட்டே தெளிந்தார். அங்கே ஒரு வீட்டு வாயிலில் தோரணம் கண்டு காரணம் வினவியபோது, சிந்தாமணி படித்து முடித்த நிறைவு விழா என்று அறிந்ததை அவரே தம் வாழ்க்கை வரலாற்றில் நெகிழ்ந்து எழுதியுள்ளார். நூலைப் பலர் கூடிப் படித்து, கூடி முடித்து, அதனை விழாவாகக் கொண்டாடிய இல்லங்கள் நம்முடையவை. பேரறிஞர் ஒருவருக்கே உடன் இருந்து சொல்வார் தேவைப்பட்டனர் என்றால், பதினெட்டு வயது மாணவனிடம் பெருநூல் ஒன்றைக் கொடுத்துத் தனியே அனுப்பிய என் செயலை என்னவென்று சொல்வது?

கொடுப்பதும் விடுவதும்

என் தவறு எது என்பதை எனக்குக் கற்பித்தது இந்த ஊரின் தொழிலே. பட்டாசு ஆலையில் மருந்துக் கலவைக்குத் தனி அறை. அதில் சிலருக்கு மேல் இருத்தல் கூடாது. ஒரே சமயத்தில் சிறிதளவே கலக்க வேண்டும். பொறி பறக்கும் இரும்புக் கருவி ஆகாது. கலந்த மருந்தை அன்றைக்கே செலுத்தி முடிக்க வேண்டும். மீந்ததை இரவில் போட்டுவிட்டு வருதல் பெருங்குற்றம். கவனிப்பார் இன்றி விடப்படும் கலவையில்தான் கேடு காத்திருக்கிறது என்பதை இவ்வூரில் வயது முதிர்ந்த எவரும் சொல்வர்.

நூல் வெடிமருந்து அன்று. ஆயினும் இளம் உள்ளத்தில் பெருவினாக்களைக் கலந்துவிட்டு, அதனை இரவில் தனியே விட்டுவரும் ஆசிரியர் என்ன காவல் செய்தவர் ஆவார்? அம்மாணவனுக்குத் தீங்கு செய்தது நாவல் என்று நான் இன்றும் எண்ணவில்லை. அவன் ஐயங்களோடு விழித்திருந்த இரவுகளில் அவன் கேட்பதற்கு ஒருவரும் இல்லாமற் போனதே தீங்கு. அந்த ஒருவராக இருந்திருக்க வேண்டியவன் நான்.

மறுநாள் நானே அவர்கள் வீட்டுக்குச் சென்றேன். பல மாலைகள் பேசினோம். ஒருநாள் அவன் கேட்டான்: “ஐயா, சின்ன உசுரும் சாகக்கூடாதுன்னு தீபாவளிக்கு நீங்க வெடி போடறதில்ல. எல்லாரும் அப்பிடி இருந்தா எங்கம்மாவுக்குச் சம்பளம் ஏது?” மகாவீரர் வீடுபேறு எய்திய நாளில் வெடி வெடிப்பதில்லை என்பதை ஐயமற்ற அறமாகவே நான் அதுவரை கொண்டிருந்தேன். இன்றும் அந்நோன்பை விடவில்லை. ஆனால் அந்த அறத்தைக் கைக்கொள்ள எனக்கு மாதச் சம்பளம் துணை நின்றது என்பதையும், அவன் தாயாருக்கு அத்துணை இல்லை என்பதையும் அவன் கேட்ட பின்பே உணர்ந்தேன். பெருவினாக்களுக்கு வயது போதாது என்று நாம் யாரைக் கருதுகிறோமோ, அவர்கள் அவ்வினாக்களின் நடுவிலேயே பிறந்து வளர்கிறார்கள். நாவல் அவனுக்குள் ஐயத்தைப் புதிதாக விதைக்கவில்லை; ஏற்கெனவே இருந்ததற்குச் சொல் கொடுத்தது.

ஒரு தடையும் விடையும்

“நாம் எண்ணிக்கையில் மிகச் சிறிய சமூகம். பிள்ளைகளோ படிப்புக்கும் பணிக்கும் பெருநகரம் செல்கின்றனர். ஜினாலயம் செல்லும் வழக்கமே குறைந்து வரும் நாளில், ஐயத்தையும் நாமே எடுத்துக் கொடுக்க வேண்டுமா?” என்று பெரியோர் கேட்கலாம். இக்கேள்வியை எளிதாகத் தள்ளுதல் ஆகாது. ஒரு சிறு விளக்கைக் காப்பவர் காற்றை அஞ்சுவது இயல்பே.

ஆயினும் பிள்ளைகள் ஐயத்தைச் சந்திக்காமல் இருக்கப் போவதில்லை. கல்லூரி விடுதியிலும், கையில் உள்ள தொலைபேசியிலும் அது நாள்தோறும் அவர்களிடம் வருகிறது. பெரும்பாலும் ஏளனமாகவே வருகிறது. ஏளனத்தைக் காட்டிலும் பெருநாவல் ஒன்றின் வழியே, எல்லாத் தரப்பும் தத்தம் முழு வலிமையோடு பேசக் கேட்டு, ஐயத்தைச் சந்திப்பது மேலானது. 1880இல் நிறைவுற்ற ‘கரமசோவ் சகோதரர்கள்’ என்னும் ருஷ்ய நாவலில், இறை நம்பிக்கையுடையவரான தஸ்தாயெவ்ஸ்கி, நம்பிக்கையின்மையின் வாதத்தை எவ்வளவு வலிமையாக எழுத இயலுமோ அவ்வளவு வலிமையாக எழுதினார். எதிர்வாதத்தை மெலிவித்துக் காட்டி வெல்வது வெற்றியன்று என்பதை அவர் அறிந்திருந்தார்.

பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ பற்றிய வழக்கில் 2016ஆம் ஆண்டு சென்னை உயர்நீதிமன்றம், ஒரு நூலை விரும்பாதவர் அதனைப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை என்ற கருத்தில் தீர்ப்பளித்தது. நாட்டுக்கு அந்நீதி போதும். ஓர் இல்லத்துக்கு அது போதாது. விரும்பாத நூலாயினும், நம் பிள்ளை படிக்கிறது என்றால் நாமும் படித்தே ஆக வேண்டும்.

இங்கே அனேகாந்தத்தைத் துணைக்கு அழைப்பர் சிலர். எல்லாரும் ஒருவகையில் சொல்வது உண்மையே, ஆகவே எதைப் படித்தால் என்ன என்பர். அது அனேகாந்தம் அன்று, சோம்பல். ‘ஒருவகையால்’ என்று சொல்பவர், எந்த வகையால் என்றும் சொல்லக் கடமைப்பட்டவர். யானையைத் தடவிய குருடர் கதையை நாம் ஆயிரம் முறை சொல்லியிருக்கிறோம். அவர்களுடைய குறை கண்ணில்லாமை மட்டுமன்று. பக்கத்தில் நின்றவரை ‘நீ எந்த இடத்தைத் தொடுகிறாய்?’ என்று ஒருவரும் கேட்கவில்லை.

இரண்டாம் முறை

2022ஆம் ஆண்டு என் பெயர்த்தி, கல்லூரியில் முதலாண்டு படிப்பவள், அதே நூலைக் கேட்டாள். இம்முறை மறுக்கவுமில்லை, எடுத்துக் கொடுத்துவிட்டு நகரவுமில்லை. முதலில் நான் மீண்டும் ஒருமுறை படித்தேன். பிறகு அவளிடம் முன்கூட்டியே மூன்று செய்திகளைச் சொன்னேன். இதில் கணிகையர் வாழ்வும் உடல் இச்சையும் மறைப்பின்றி வருகின்றன. கூச்சம் ஏற்பட்டால் கடந்து செல்லலாம். இதைக் கற்றோர் பலர் வெறுக்கின்றனர். அவர்கள் காரணம் இன்னது. நான் உடன்படாத இடங்கள் உண்டு. அவற்றை இப்போது சொல்லமாட்டேன், நீ படித்த பின் சொல்வேன். வாரந்தோறும் ஞாயிறு மாலை ஒரு மணி நேரம் இருவரும் தொலைபேசியில் பேசுவது என்று வைத்துக்கொண்டோம். முடிக்க ஏழு மாதம் ஆயிற்று.

வாதசபைப் பகுதி முடிந்த அன்று அவள் கேட்டாள்: “தாத்தா, கடைசியில யார் சொன்னதுதான் சரி?”

அப்போதுதான் நீலகேசியை எடுத்தேன். அனைத்தும் கணந்தோறும் அழிந்து பிறப்பன என்பது பௌத்தரின் பொதுக் கொள்கை. செய்தவன் அக்கணமே அழிவானாயின் வினைப்பயனை நுகர்பவன் யார் என்பது நம்மவர் எழுப்பும் வினா. உயிர் பொருளால் நிலைத்தது, பரியாயத்தால் மாறுவது என்பது நம் விடை. இவற்றை எல்லாம் பாடமாக நான் முன்பே பலமுறை அவளுக்குச் சொன்னதுண்டு, அவள் கேட்டதில்லை. நாவலில் ஒரு மனிதன் அக்கொள்கைக்காகத் தவித்ததைப் படித்த பின்பே, அது அவளுக்கு வினாவாயிற்று. வினாவான பின்பே விடைக்கு இடம் உண்டாயிற்று. என் விடையை அவள் முழுதும் ஏற்றாள் என்று சொல்லமாட்டேன். “யோசிக்கிறேன்” என்றாள். அது போதும்.

ஆகவே நம் குடும்பங்களுக்கு நான் பணிந்து சொல்வது இது. பிளவுபட்ட கருத்துக்கு இடமான ஒரு நூலைப் பள்ளிப் படிப்பு முடிந்த பிள்ளைக்குக் கொடுக்கலாம். ஆனால் நாம் படியாததைக் கொடுக்கலாகாது. நம் கருத்து வேறுபாட்டை மறைக்கலாகாது. முன்னதாகவே அதைத் திணிக்கவும் ஆகாது. பாதியில் நிறுத்த விரும்பினால் நிறுத்த விடவேண்டும். உடன் அமர நமக்கு நேரமில்லையென்றால், நேரம் வரும்வரை நூலை அலமாரியிலேயே வைத்திருப்பது நல்லது.

அந்தப் பழைய மாணவன் இன்று வெளியூரில் நல்ல நிலையில் இருக்கிறான். பொங்கல்தோறும் வந்து பார்க்கிறான். கோயில் கொடைக்கு வருகிறான், ஆனால் கும்பிடுவதில்லை. அவன் தந்தையார் இன்றும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அவர் பக்கத்தில் நியாயம் உண்டு என்பதை நான் அறிவேன்.

சென்ற ஆண்டு பெயர்த்தியைக் கழுகுமலைக்கு அழைத்துச் சென்றேன். அங்கே பாறையில் வரிசையாக அமைந்த தீர்த்தங்கரர் திருவுருவங்களின் கீழ், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட வட்டெழுத்துக் கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் குரவர், குரத்தியர் பெயர்களும் அவர்தம் மாணாக்கர், மாணாக்கியர் பெயர்களும் சேர்த்தே பொறிக்கப்பட்டுள்ளன. இன்னார் மாணாக்கி இன்னார் என்று கல்லில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்கள் எந்த நூலைப் படித்தார்கள் என்று அவற்றில் இல்லை. யாரிடம் படித்தார்கள் என்பது இருக்கிறது.

அறம் வளர்க.